அடங்கலில் இல்லாத வாழை

வாசகர் கேள்வி – பதில்

காற்றிலும் மழையிலும் வறட்சியிலும் பயிர், கால்நடை போனவர்கள் அரசு நிவாரணம் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் இரண்டு வரி போட்டார். வந்து குவிந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். காங்கயம், தாராபுரம் தாலுகாக்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கொஞ்சம் காடும் ஓர் ஆட்டுப்பட்டியும்தான் எனக்கு ஆபீஸ். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 3 ஏக்கரில் நேந்திரன் போட்டிருந்தேனுங்க. சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் தார் தள்ளின மரமெல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் பட்டியலில் வந்தது. என் பெயர் வரவில்லை. ஏனுங்க இப்படி? (கோபி வட்டார வாசகர்)

பதில்: பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் அடங்கல் நகலில், அதாவது எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்கில், உங்கள் எண்ணுக்கு நேராக மஞ்சள் என்று எழுதியிருக்கிறது. முந்தின பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) மஞ்சள் வைத்திருப்பீர்கள். வெட்டிவிட்டு வாழைக் கன்று வைத்தது உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது. கணக்கெடுப்புப் பட்டியல் சர்வே எண் வாரியாகத் தயாராகும். அடங்கலும் வயலும் ஒத்துப்போகாத எண்ணை மேலே அனுப்ப எந்த ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) துணிய மாட்டார். தணிக்கையில் அவர் தலைதான் உருளும்.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். சேதம் நடந்த பிறகு வருவாய்த் துறையும், பயிரைப் பொறுத்து வேளாண்மைத் துறையோ தோட்டக்கலைத் துறையோ சேர்ந்து கூட்டுக் கணக்கெடுப்பு செய்யும். சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெயர் ஏறும். 2015 வரைக்கும் இது 50 சதவீதமாக இருந்தது. பாதித் தோட்டம் போகாமல் வாய் திறக்கவே முடியாது அப்போது. பட்டியல் தாசில்தார், கலெக்டர் வழியாகச் சென்னை போய், அரசாணை வந்து, பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும்.

எவ்வளவு? 2022 முதல் 2026 வரைக்கு மத்திய அரசு வகுத்த அளவில் எக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இதில் 75 பங்கு மத்திய அரசு, 25 பங்கு மாநில அரசு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு நம்ம அரசு அறிவித்ததும் இதே அளவுதான். ஏக்கருக்கு மாற்றிப் பாருங்கள்: பாசனப் பயிருக்கு ஏறக்குறைய 6,880 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 9,100. வாழை எந்த விகிதத்தில் வரும் என்பதை அந்தந்த அரசாணை சொல்லும். எதில் வந்தாலும், ஓர் ஏக்கர் நேந்திரனுக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புக்கே இது காணாது. போன பயிருக்கு ஈடு என்று நினைத்தால் வயிறு எரியும். அடுத்த பயிருக்கு விதை, உரம் வாங்க ஒரு கைத்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசும் அப்படி நினைத்துத்தான் கொடுக்கிறது.

சாய்ந்த வாழைத் தோட்டத்தில் கணக்கெடுப்பது எப்படி இருக்கும் என்று ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே நடக்க வழி இருக்காது. ஒரு மரத்தைத் தாண்டினால் அடுத்தது குறுக்கே கிடக்கும். நானும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் ஆளுக்கொரு வரிசை பிடித்து, இடுப்பளவில் முறிந்தது ஒரு கணக்கு, வேரோடு பிடுங்கினது ஒரு கணக்கு என்று சத்தம் போட்டுக்கொண்டே போவோம். சாய்ந்தும் வேர் மண்ணை விடாமல் நிற்கிற மரத்தில்தான் சண்டை வரும். அது பிழைக்கும் என்பார் அவர். தார் முற்றாமல் பிழைத்து என்ன பிரயோசனம் என்பார் தோட்டத்துக்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வெளியே வரும்போது வேட்டியெல்லாம் வாழைக்கறை. அது எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த வேட்டிகளைக் கடைசியில் ஆட்டுக்குட்டி துடைக்கப் போட்டாயிற்று.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கன்று வாங்கிய ரசீது, சொட்டுநீர் மானியம் வாங்கியிருந்தால் அந்தக் காகிதம், தேதியும் இடமும் பதிந்த போட்டோ, நிவாரணம் கிடைத்த பக்கத்துத் தோட்டத்தின் சர்வே எண், இத்தனையும் சேர்த்துத் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் எழுந்து பேசுங்கள். விடுபட்டோர் பட்டியல் என்று இரண்டாவதாக ஒன்று போவது வழக்கம்தான். அதில் ஏறப் பாருங்கள். மரத்தையெல்லாம் வெட்டி அப்புறப்படுத்தி உழுதுவிட்டு வந்து கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல் இருக்கிறது, வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை இருக்கிறது. கோடையில் நம்ம பக்கம் அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகிற காற்று தனியாக இல்லை. மாநில அரசு தன் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிற வழி இருப்பதால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ ஆகியவற்றுக்குத் தனித் தோட்ட அளவில் இழப்பீடு கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்லியாக வேண்டும். வெறும் காற்று அந்த வரிசையில் இல்லை. வட்டாரத்தின் சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம். உங்கள் ஊரில் மட்டும் அடித்த காற்று வட்டாரச் சராசரியில் காணாமல் போய்விடும். தோட்டப்பயிருக்கு விவசாயி 5 சதவீதம் வரை பிரீமியம் கட்டுகிறார். கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாழைக்காரர்களுக்குக் காற்றை விட்டுவிட்டு எழுதின காப்பீடு என்ன காப்பீடோ, எனக்குப் புரியவே இல்லை.

கேள்வி: எனக்கு 9 ஏக்கர். மூன்றில் ஒரு பங்குதான் பணம் வந்திருக்கிறதே? (அந்தியூர்)

பதில்: மூன்றில் ஒரு பங்கு வந்திருக்காது, பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். 2 எக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர்தான் உச்சவரம்பு. பாஸ்புக்கை இன்னொரு தடவை பாருங்கள்.

கேள்வி: காங்கயத்துக்குத் தெற்கே எங்களுக்கு 20 ஏக்கர் கொறங்காடு. பயிர் ஏதும் வைப்பதில்லை, மாடும் ஆடும்தான். மழை பொய்த்து மூன்று வருசமாகப் புல்லே இல்லாமல் போனாலும் எங்களுக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை. மகன் டெக்சாஸில் வேலையாக இருக்கிறான். அங்கே புல் காய்ந்தால் மாட்டுக்காரனுக்கு அரசாங்கம் பணம் போடுகிறதாம். நிஜமா? (காங்கயம் வட்டார வாசகர்)

பதில்: நிஜம்தான். இந்தக் கேள்விக்காகவே அவர்களுடைய வேளாண் துறை விதிகளை உட்கார்ந்து படித்தேன். கண்ணாடியை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அமெரிக்காவில் 1999 முதல் வாரா வாரம் வறட்சி வரைபடம் ஒன்று வெளியிடுகிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வறட்சி மையமும், மத்திய வேளாண் துறையும், வானிலைக்காரர்களும் சேர்ந்து செய்வது. வியாழக்கிழமை தோறும் வரும். வறட்சி ஏற ஏற மஞ்சளில் ஆரம்பித்து ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கருஞ்சிவப்பு என்று நிறம் மாறும். மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுண்டி, அதாவது நம்ம தாலுகா, மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு, சிவப்பில் விழுந்தால் மூன்று மாதத் தீவனத்துக்குக் கணக்குப் போட்டுப் பணம். கருஞ்சிவப்பில் விழுந்தால் நான்கு மாதம். ஆரஞ்சிலேயே வாரக் கணக்கில் கிடந்தாலும் உண்டு. அதற்கு முதலில் 8 வாரம் என்று இருந்ததை 2025-ல் 4 வாரமாகக் குறைத்திருக்கிறார்கள். மாதத் தீவனச் செலவு என்று அவர்கள் கணக்கிட்டதில் 60 சதவீதம் கொடுப்பார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் காட்டுக்கு யாரும் வர வேண்டியதில்லை. வரைபடத்தின் நிறம்தான் சாட்சி. ஒவ்வொரு வறட்சிக்கும் புதிதாக அறிவிப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 2014-ல் போட்ட விவசாயச் சட்டம் இதை நிரந்தரத் திட்டமாக்கிவிட்டது.

மாடு செத்தால் தனித் திட்டம். சந்தை விலையின் சராசரியில் 75 சதவீதம். 2024-ல் உங்கள் மகன் இருக்கிற டெக்சாஸின் வட மூலையில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் புல்வெளி எரிந்ததே, ஆயிரக்கணக்கான மாடுகள் போயின. அந்த மாதிரித் தீக்கும் இது பொருந்தும். ஓநாய் மாதிரிச் சட்டம் காக்கும் விலங்கு கடித்துக் கொன்றால் 2025 முதல் முழு விலையே உண்டு.

இதைப் படித்துவிட்டு அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். மாட்டுத் தலை எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் பணம், அதனால் பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை. மேய்ச்சல் திட்டத்தில் ஒருவருக்கு வருசத்துக்கு 1,25,000 டாலர் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். அந்த வரம்பே நம்ம ஊரில் ஒரு பஞ்சாயத்துக்குப் போதும். அப்புறம், முக்கியமானது இது: எத்தனை ஏக்கர் மேய்ச்சல் நிலம் என்பதைக் காலக்கெடுவுக்குள் உள்ளூர்ப் பண்ணைச் சேவை ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவனுக்கு அங்கேயும் வராது. அடங்கல் டெக்சாஸிலும் உண்டு என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அந்த ஆபீஸின் மேல் ஒரு கமிட்டி இருக்கிறது, அதில் உட்காருபவர்களை அந்த ஊர் விவசாயிகளே ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இனி நம்ம கொறங்காட்டுக்கு வருவோம். உங்கள் அடங்கலை எடுத்துப் பாருங்கள். தரிசு என்று இருக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாக் கொறங்காடும் தரிசாகத்தான் கணக்கில் இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். தலைமுறை தலைமுறையாக அடைப்பு மாற்றி அடைப்பு மேய்த்துக் காப்பாற்றிய நிலம். வெள்வேலங்காய் உதிர்கிற பருவத்தில் ஆடுகள் தலை தூக்காமல் பொறுக்கித் தின்பதைப் பார்த்தவர் யாரும் அதைத் தரிசு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நிவாரணம் எக்டேருக்கு, அதுவும் பயிருக்கு. தரிசில் பயிர் இல்லை. பயிர் இல்லாத இடத்தில் 33 சதவீத சேதம் எப்படி வரும்? முடிந்தது கதை.

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்களே, அப்போது நெல் மற்றும் பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாயும், மானாவாரிக்கு 3,000 ரூபாயும் கொடுத்தார்கள். கொறங்காட்டுக்காரருக்குக் கிடைத்தது உலர் தீவனக் கிடங்கு. வைக்கோல் கிலோ 2 ரூபாய். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 3 கிலோ, ஐந்து மாடு வரைக்கும். கட்டுத்தறியில் இரண்டு எருமை வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். காங்கயம் மாடு இருபது உருப்படி வைத்திருந்தவர்கள் அந்த வருசம் வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். மழை பெய்து புல் முளைத்தபோது மேய மாடு இல்லை.

இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். 20 ஏக்கரில் ஐந்தை ஒதுக்கி, ஆடிப் பட்டத்தில் தட்டுச் சோளம் விதையுங்கள். அதைத் தீவனச் சோளம் என்று அடங்கலில் எழுத வையுங்கள். மழை பெய்தால் தட்டுப் போர் வைக்கலாம். பொய்த்தால் அந்த ஐந்து ஏக்கருக்காவது மானாவாரிக் கணக்கில் பெயர் ஏறும். மேய்ச்சல் நிலத்துக்கென்று ஒரு விகிதம் வேண்டும் என்று விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் கேட்க வேண்டும். கொப்பரை விலைக்கும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீருக்கும் போராடுகிறவர்கள் கொறங்காட்டுக்காக ஒரு நாள் கூடி நான் பார்த்ததில்லை. நமக்குள்ளேயே அது இளப்பமாகப் போய்விட்டது.

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருசம் ஆகிறது. பட்டா இன்னும் மாமனார் பெயரில். அவரும் இல்லை. கொழுந்தனார் இருவர் திருப்பூரில். காட்டில் பாடுபடுவது நான். மழையில் சின்ன வெங்காயம் அழுகிப் போனதற்கு மனு கொடுத்தால், பட்டாதாரரை வரச் சொல்லுங்கள் என்கிறார்கள். (வெள்ளகோவில் பக்கம் ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, பட்டாதாரர் வர மாட்டார் என்று அவர்களுக்கும் தெரியும். அடங்கலில் நில உரிமையாளர் பெயருக்கும் சாகுபடி செய்பவர் பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லி முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுங்கள். கொழுந்தனார் இரண்டு பேரிடமும், 'இந்தப் பயிர் எங்கள் அண்ணியுடையது, நிவாரணம் அவருக்குப் போக எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்கி வையுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருவார்கள் அல்லவா, அப்போதே வாங்கிவிடுங்கள். பணம் வந்த பிறகு கேட்டால் உறவு வேறு மாதிரி ஆகிவிடும்.

அதோடு நிற்காதீர்கள். மாமனாருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று எடுத்து, பட்டாவைக் கூட்டுப் பட்டாவாகவாவது மாற்றிவிடுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, விவசாயிகளுக்கு இப்போது கொடுக்கிற தனி அடையாள எண், எல்லாம் பட்டாவைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. நம்ம பக்கம் தாத்தா பெயரில் பட்டா கிடப்பதைக் கௌரவமாக நினைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காடு பிரியாமல் இருக்கிறதாம். பிரியாமல் இருப்பது பட்டா மட்டும்தான்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) உழுபவர்கள் எழுதிய ஏழெட்டுக் கடிதங்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். அதனால் வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. விதை போட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்குகிறவர் இன்னொருவர். நல்ல நிலக்காரர் பணத்தை எடுத்து உழுதவர் கையில் கொடுத்துவிடுவார், அப்படிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கொடுக்காதவர்களையும் தெரியும். வருச ஒப்பந்தமாக ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள், பயிர்க் காப்பீட்டுக்காவது ஆகும்.

கேள்வி: பல்லடம் அருகே 5,000 கறிக்கோழி வளர்க்கும் கொட்டகை. பங்குனி வெயிலில் ஒரே மத்தியானம் 600 கோழி செத்தது. எவ்வளவு கிடைக்கும்? (பல்லடம்)

பதில்: கோழிக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரை. ஆக, 100 கோழியோடு கணக்கு முடிந்தது. கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதின விதி இது. உங்கள் கொட்டகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குஞ்சு யாருடையது? கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், உங்களுக்கு வளர்ப்புக் கூலி என்றால், செத்தது கம்பெனியின் சொத்து. ஒப்பந்தத்தில் இறப்பு விகிதத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லை. அப்புறம் வெயில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் மனித உயிருக்கு 4 லட்சம் ரூபாய். கோழியைப் பற்றி நம்பிக்கை வைக்க வேண்டாம். கூரையில் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளிப்பானைச் சரி பாருங்கள்.

கேள்வி: உடுமலை பக்கம் பி.ஏ.பி. பாசனம். இந்த வருசம் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் முறை இல்லை. கிணற்றை நம்பி வைத்த மக்காச்சோளம் கிணறு வற்றிக் கருகியது. மானாவாரி என்று எழுதிவிட்டார்கள். (உடுமலை)

பதில்: மானாவாரிக்கு 8,500, பாசனத்துக்கு 17,000. ஒரே சொல்லில் சரிபாதி போய்விட்டது உங்களுக்கு. முறை இல்லாத வருசத்தில் வாய்க்காலை அடித்துவிட்டு மானாவாரி என்று எழுதுவது சுலபம். கிணறு இருக்கிறது என்பதற்கு மின் இணைப்பு எண் இருக்கிறதே, இலவச மின்சார இணைப்பின் அட்டை நகலை வைத்து மனு கொடுங்கள். அடங்கலில் பாசன ஆதாரம் என்ற இடத்தில் கிணறு என்று எழுதச் சொல்லுங்கள்.

இதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது. பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. வருசா வருசம் மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்கையெல்லாம் மேசை மேல் பரப்பி வைத்துத் தணிக்கை செய்கிற இடம் அது. பெரும்பாலானோர் பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் மனு எடுத்துப் போகிறார்கள். உங்கள் சர்வே எண்ணின் அடங்கலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டியாக வேண்டும். புதுப் பசலியில் பயிர் வைத்த கையோடு இணையத்தில் ஒரு தடவை பாருங்கள். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துப் போனில் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். வெயிலில் அலைந்து செய்தார்கள், பாவம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளமா தட்டுச் சோளமா, கிணறு யாருடையது என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். காட்டுக்காரர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

கேள்வி: இடி விழுந்து மரத்தடியில் நின்ற 11 ஆடு செத்துவிட்டது. நாற்றம் தாங்காமல் அன்றைக்கே புதைத்துவிட்டோம். பணம் கிடைக்குமா? (சென்னிமலை)

பதில்: தோண்டச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கஷ்டம். ஆட்டுக்கு 4,000, கறவை மாட்டுக்கும் எருமைக்கும் 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000. பெரிய கறவை மாடு என்றால் மூன்று வரை, ஆடு என்றால் முப்பது வரை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். புதைக்கும் முன்னால் ஊர்க்காரர் நாலு பேர் நிற்க எடுத்த போட்டோ இருந்தால் அதையும், அன்றைக்கு இடி விழுந்ததற்கு கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையையும் வைத்து முயற்சி செய்யுங்கள். இனிமேல் அப்படி நடந்தால் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்து, மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள். காதில் மஞ்சள் அடையாள அட்டை இருந்தால் கழற்ற வேண்டாம்.

உழவு மாட்டுக்கு 32,000 என்றேனே, சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போய் ஒரு ஜோடிக் காங்கயம் காளைக்கு விலை கேட்டுப் பாருங்கள். லட்சத்தைத் தாண்டும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவரிடம் அரசு விலையைச் சொன்னால் கையை உருவிக்கொள்வார்.

நாய் கடித்து ஆடு செத்ததைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் தெருநாய் கிடையாது. காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மாநில அரசு தனியாக இரங்கியது. அதற்கும் மருத்துவர் சான்றுதான் அடிப்படை.

கேள்வி: நிவாரணம் வந்தது சரி. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் அப்படியே நிற்கிறது. தவணை கேட்கிறார்கள். (சத்தியமங்கலம்)

பதில்: தள்ளி வைக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2018-ல் தொகுத்து வெளியிட்ட விதிகளில், சேதம் 33 முதல் 50 சதவீதம் என்றால் கடனை 2 ஆண்டு வரையும், 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு வரையும் மாற்றி அமைக்கலாம் என்று இருந்தது. வணிக வங்கிகளுக்கு எழுதினது அது. உங்கள் சங்கத்தில் மத்தியக் கூட்டுறவு வங்கியின் சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். தானாக யாரும் செய்ய மாட்டார்கள். உங்கள் பகுதி பாதிக்கப்பட்டது என்ற அரசு அறிவிப்பும், நிவாரணப் பட்டியலில் உங்கள் பெயரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பட்டியலில் பெயர் சேர்க்க ஏக்கருக்கு 500 ரூபாய் கேட்கிறார் ஒருவர். வரப்போகிற பணத்தில்தானே கொடுக்கிறோம் என்று பலரும் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுக்கட்டுமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: வேண்டாம். அவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த மாதிரி ஆள் எப்போதும் ஆபீஸ் வாசலுக்கு வெளியேதான் நிற்பார், பட்டியல் உள்ளே இருக்கும். உங்கள் அடங்கல் சரியாக இருந்தால் அவர் இல்லாமலே பெயர் ஏறும். சரியில்லை என்றால் அவரால் ஏற்றவும் முடியாது, வாங்கின 500 திரும்பவும் வராது. கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு வெயில் நேரத்தில் ஒரு சொம்பு மோர் கொடுங்கள், குடிப்பார்கள். நானே எத்தனையோ தோட்டத்தில் குடித்திருக்கிறேன்.